மூடுபனிக்குள் நிற்பது என்ன நிறம்? – கலிஃபோர்னியக் கரையில் ஐந்து நாள்

முதல் நாள்: ஃபோர்ட் பாயின்ட், சான் பிரான்சிஸ்கோ

காலை ஐந்து மணிக்கு ஃப்ரீமான்டில் அக்கா வீட்டு வாசலில் நின்றபோது வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அக்கா மகன்தான் ஐந்து நாளும் கார் ஓட்டப்போகிறான். "ஜாக்கெட்டை மறக்காதீங்க மாமா, அங்க ஆகஸ்ட்லதான் குளிரும்" என்றான். ஒரு மணி நேரத்தில் அவன் சொன்னது புரிந்துவிட்டது. கோல்டன் கேட் பாலத்தின் தெற்குக் காலடியில் இருக்கிற ஃபோர்ட் பாயின்ட் கோட்டைக்கு வந்து இறங்கினால், எதிரே கடல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைச் சுவர். எங்கோ உயரத்தில், கப்பல்களை எச்சரிக்கும் பாலத்தின் மூடுபனிக் கொம்பு ஊதிக்கொண்டிருந்தது. அந்த ஒலி நெஞ்சுக்கூட்டில் வந்து அதிர்கிறது.

இந்த மூடுபனி கோடையில் வருவதற்குக் காரணம் கடலின் குளிர்ச்சி. வடமேற்குக் காற்று கரையோர மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போக, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று அதன் மேல் படர்ந்ததும் குளிர்ந்து துளியாகிறது. உள்நாட்டுச் சமவெளியில் வெயில் ஏற ஏற அங்கே காற்று மேலெழும்பி, இந்தப் பனியை விரிகுடா வாய் வழியாக உள்ளே இழுக்கிறது. ஆகவே உள்ளே வெயில் அதிகமானால் இங்கே பனியும் அதிகம்.

நான் கொண்டுவந்திருப்பது பென்டாக்ஸ் கே-3 மார்க் 3 மோனோக்ரோம். இதன் சென்ஸாரில் வண்ணக் கட்டங்கள் கிடையாது, கருப்பு வெள்ளை மட்டும்தான் பதியும். சாதாரண டிஜிட்டல் கேமராவில் எடுத்துவிட்டு, அப்புறம் கணினியில் சிவப்பைக் கூட்டலாம், நீலத்தைக் குறைக்கலாம். இதில் அது நடக்காது. எந்த நிறம் வெளுக்க வேண்டும், எந்த நிறம் கருக்க வேண்டும் என்பதை ஃபிலிம் காலத்தைப் போலவே லென்ஸின் முன்னால் கண்ணாடி வைத்து அங்கேயே முடிவு செய்தாக வேண்டும். பையில் ஐந்து ஃபில்டர்: மஞ்சள் (8), ஆரஞ்சு (21), சிவப்பு (25), மஞ்சள்பச்சை (11), நீலம் (47). அடைப்புக்குள் இருப்பவை ராட்டன் எண்கள். கோடக் நிறுவனம் பிரபலமாக்கிய இந்த எண்களைத்தான் இன்றும் ஃபில்டர் வளையங்களில் பொறிக்கிறார்கள்.

கருப்பு வெள்ளை பழகிய எல்லோருக்கும் ஒரு பாடம் மனப்பாடம்: "மங்கலைக் கிழிக்கச் சிவப்பு." நானும் முதலில் சிவப்பைத்தான் திருகினேன். தெற்குக் கோபுரம் சில நூறு மீட்டர் தூரத்தில், தண்ணீரிலிருந்து எழும்பிப் பாதியில் கரைந்து நின்றது. எடுத்துப் பார்த்தேன். திரையை எட்டிப் பார்த்த மருமகன் கேட்டான்: "தூண் எங்க மாமா?"

தூண் இருந்தது. ஆனால் பனியின் அதே வெளிர் சாம்பலில் இருந்தது. யோசித்தால் காரணம் எளிது. இந்தப் பாலம் 1937இல் திறந்தபோதிருந்து அதற்குப் பூசும் நிறம் இன்டர்நேஷனல் ஆரஞ்சு. சிவப்பும் மஞ்சளும் கலந்த, சுட்ட செங்கல்லை விடச் சற்றுப் பளிச்சென்ற நிறம். சிவப்புக் கண்ணாடி தன் நிறத்து ஒளியைத் தாராளமாக விடும், மற்றதைத் தடுக்கும். ஆகவே தூண் வெளுத்தது. பின்னால் இருப்பதோ வெள்ளைப் பனி. இரண்டும் ஒன்றாகிவிட்டன.

அதே இடத்தில், ட்ரைபாடை அசைக்காமல் மஞ்சள்பச்சை போட்டேன். தூண் அடர்ந்த சாம்பலுக்கு இறங்கியது. நீலம் போட்டேன். கரியால் கோடு இழுத்த மாதிரி, ஆணி ஆணியாக ரிவெட்டுகள் வரிசை கட்டிய கருந்தூண் பனிக்குள்ளிருந்து எழுந்து வந்தது. மூன்று படத்திலும் பனியின் அடர்த்தி கொஞ்சமும் மாறவில்லை. மாறியது தூண் மட்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். காலடிக்குப் பக்கத்து எஃகில் இந்த மாற்றம் பெரிதாகத் தெரிகிறது. பாலம் உள்ளே போகப் போக, பத்தாவது தொங்குகம்பிக்கு அப்பால், எந்த ஃபில்டர் போட்டாலும் ஒரே சாம்பல்தான். நமக்கும் பொருளுக்கும் நடுவே இருக்கிற பனி தன் வெள்ளையைக் கலந்து கலந்து நிறத்தையே கழுவிவிடுகிறது. நிறம் போன பிறகு ஃபில்டருக்கு அங்கே வேலை இல்லை.

கருப்பு வெள்ளைப் படங்களுக்குப் பேர் போன புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் இந்த ஊர்க்காரர், 1902இல் பிறந்தவர். சிறுவயதில் அவர் வீட்டிலிருந்து இந்த நீர்வாய் தெரியும். பாலம் வருவதற்கு முன்பே, 1932இல், வெறும் மேகமும் தண்ணீருமாக இதைப் படமெடுத்திருக்கிறார். அந்தத் திசையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள்: பாயின்ட் ரேயெஸ்

நேற்று சிவப்பு ஏன் பனியைக் கிழிக்கவில்லை என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். இன்று அதற்குப் பதில் கண்ணெதிரே கிடைத்தது, அதுவும் ஒரே நாளில் இரண்டு விதமாக.

கடலுக்குள் கை நீட்டிய மாதிரி நிற்கும் முனை இது. அமெரிக்க மேற்குக் கரையிலேயே மூடுபனிக்குப் பேர் போன இடங்களில் ஒன்று. கலங்கரை விளக்கம் 1870இல் எரியத் தொடங்கியது. அதைக் குன்றின் உச்சியில் கட்டாமல், பாறைச் சரிவில் வெகுவாகக் கீழிறக்கிக் கட்டியிருக்கிறார்கள். உச்சியில் வைத்தால் பனி விளக்கை மூடிவிடும், கீழே வைத்தால் பனியின் அடிவயிற்றுக்குக் கீழே ஒளி போகும் என்பது கணக்கு. ஆகவே விளக்குக்குப் போக 300க்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். திரும்பி ஏறவும் வேண்டும்.

படித் தலைப்பில் நின்றபோது கீழே விளக்கமே இல்லை. சுற்றுச்சுவர் வெள்ளை, பதினாறு பக்கக் கோபுரமும் வெள்ளை. எல்லாவற்றையும் பனி வாங்கிக்கொண்டது. அதன் சிவப்புக் கூரை மட்டும் அந்தரத்தில் கவிழ்த்த குடை மாதிரி மிதந்தது. நேற்றைய பாடம் இன்று கை கொடுத்தது. மஞ்சள்பச்சைக் கண்ணாடியில் கூரை நன்றாகக் கருத்து, படத்துக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. சரிபார்க்கச் சிவப்பும் போட்டேன். கூரையும் போய், வெறும் வெள்ளைத் தாள்.

உள்ளே இருக்கும் ஃபிரெனல் லென்ஸ் 1867இல் பிரான்ஸில் செய்தது. ஆள் உயரத்துக்கு மேல், பட்டை பட்டையாக வெட்டிய கண்ணாடிகள் தேன்கூடு மாதிரி அடுக்கி நிற்கின்றன. ஓர் எண்ணெய் விளக்கின் ஒளியை இத்தனை கண்ணாடியும் சேர்ந்து ஒரே கற்றையாக்கிக் கடலுக்கு அனுப்பியிருக்கின்றன. ஒரு சின்ன வட்டக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

படியேறி வந்த பிறகுதான் ஒரு தவறு தெரிந்தது. ஃபில்டரின் மேல் ஒரு பனித்துளி உட்கார்ந்திருக்கிறது. கடைசி இருபத்திரண்டு படங்களிலும் இடது மேல் மூலையில் புகை மாதிரி ஒரு வட்டம். பனியில் வெறும் கண்ணால் அது பனியாகவே தெரியும், அதனால்தான் தப்பிவிடுகிறது. இனி ஒவ்வொரு படத்துக்கு முன்னும் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்து, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். தேய்க்கக் கூடாது. கடல்காற்றில் உப்பு இருக்கிறது, தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

மூன்று மணி வாக்கில் காற்று திசை மாறிப் பனி கலைந்தது. டிரேக்ஸ் எஸ்டெரோ என்ற கழிமுகத்தின் பக்கம் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக, தூரம் போகப் போக நீலமாக வெளிறி நின்றன. பனி இல்லை, மங்கல் மட்டும். இங்கே சிவப்பைப் போட்டேன். கடைசிக் குன்றின் மரங்கள் வரை துலங்கின! நீலம் போட்டால் முதல் குன்று மட்டும் கருப்பாக நின்று, மற்றதெல்லாம் அடுக்கடுக்காகப் பால் கலந்த மாதிரி வெளுத்தது. எனக்குப் பிடித்தது இந்த நீலப் படம்தான்.

காலையில் ஏன் முடியவில்லை, மாலையில் ஏன் முடிந்தது? கடற்கரையில் ஒரு மூங்கில் கழியை நட்டு வையுங்கள். பெரிய அலை அதைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகும். சிற்றலைதான் அதில் மோதிச் சிதறும். அதே இடத்தில் ஒரு பாறை இருந்தால் எல்லா அலையும் மோதிச் சிதறும். மங்கலில் இருப்பவை மிக நுண்ணிய துகள்கள், மூங்கில் கழி. அலைநீளம் குறைந்த நீல ஒளி அதிகம் சிதறும், சிவப்பு தப்பி வந்துவிடும். போகியன்று சென்னையில் மெல்லிய புகை நீலமாகத் தெரிவதும் இதனால்தான். மூடுபனித் துளியோ பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். சிவப்பொளியின் அலைநீளமே 0.7 மைக்ரோமீட்டர்தான். அதற்கு முன் இந்தத் துளி பாறை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே மாதிரி சிதறுகின்றன. அதனால்தான் பனி வெள்ளை.

மூன்றாம் நாள்: டமல்பையஸ் மலை, மியூர் காடு

முதல் நாள் சிவப்பைக் கொஞ்சம் அதிகமாகவே ஒதுக்கி எழுதிவிட்டேன். இன்று திருத்திக்கொள்கிறேன்.

டமல்பையஸின் கிழக்கு உச்சி 784 மீட்டர். மலைப்பாதையில் பாதித் தூரம் வரை வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று ஒரு வளைவில் கார் பனியிலிருந்து வெளியே வந்தது. மருமகன் தானாகவே ஓரங்கட்டினான். கீழே கடல் இல்லை, நகரம் இல்லை. அடிவானம் வரை வெள்ளை. அது அசைந்துகொண்டிருந்தது. குன்றுகளின் முதுகில் ஏறி, மறுபக்கம் மெதுவாக வழிந்து இறங்கியது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பத்து நிமிடம் கேமராவைத் தொடவில்லை.

பனிக்கு மேலே நின்றால் கதையே வேறு. மேலே வானம் நல்ல நீலம். பனியலையின் வெயில் பட்ட முகடு வெள்ளை, ஆனால் பள்ளங்களில் விழும் நிழல் வானத்தின் ஒளியை வாங்கி நீலம் பூசியிருக்கிறது. ஃபில்டர் இல்லாமல் எடுத்த படம் பஞ்சுப் பொதி மாதிரி தட்டையாக இருந்தது. சிவப்பு போட்டதும் வானம் கிட்டத்தட்ட கருப்பாகி, பனியின் ஒவ்வொரு மடிப்பும் உழுத வயல் மாதிரி எழுந்து நின்றது. மூன்று ஸ்டாப் ஒளி போகிறது (ஒரு ஸ்டாப் போனால் ஒளி பாதியாகும்), போகட்டும். ஆரஞ்சில் இரண்டு ஸ்டாப்தான் போகும், வானமும் அவ்வளவு கொடூரமாக இருக்காது. கடைசியில் வைத்துக்கொள்ளப் போவது ஆரஞ்சுப் படத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

1927 ஏப்ரலில் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையின் முன்னால் ஆடம்ஸ் மஞ்சள் ஃபில்டரில் ஒரு தகடு (ஃபிலிமுக்குப் பதில் அன்று வைத்த கண்ணாடி) எடுத்தார். மனத்தில் கண்ட கம்பீரம் அதில் வராது என்று உடனே தோன்ற, மீதமிருந்த கடைசித் தகட்டை 29ஆம் எண் அடர்சிவப்பில் எடுத்தார். வானம் கருத்த அந்தப் படம்தான் உலகம் முழுக்கப் போனது. அங்கே நீலவானம் இருந்தது. சிவப்பு தன் வேலையைக் காட்ட வானம் வேண்டும்.

எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்வளவு ஒளி விடுவது என்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கேமராவின் ஒளிமானிக்கு வெள்ளை தெரியாது. எதைக் காட்டினாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். பனியை அப்படியே அதன் போக்கில் விட்டால் அழுக்குத் துணி மாதிரி வரும். நான் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டி வைக்கிறேன், கேமரா திரையில் ஒளியின் அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

மதியம் மலையடிவாரத்தில் மியூர் காடு. வண்டி நிறுத்த முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், அக்கா செய்து வைத்திருந்தாள். செம்மரங்களின் (ரெட்வுட், நம் ஊர்ச் செம்மரம் இல்லை) உச்சி பனிக்குள் இருந்தது. மழை பெய்யாமலே மரத்தடியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. இலைகள் பனியைச் சீவி எடுத்து வேருக்கு விடுகின்றன. மழையில்லாத கோடையை இந்த மரங்கள் கடக்க இந்தச் சொட்டு பெரிதும் உதவுகிறது. பட்டை செம்பழுப்பு, அடியில் பெரணிச் செடி (ஃபெர்ன்) பச்சை. மஞ்சள்பச்சை ஃபில்டரில் பட்டை கருத்து, பெரணி ஒளிர்ந்தது. கூடவே, பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் கண்ணாடியை வைத்துத் திருப்பினேன். பனி கொஞ்சமும் குறையவில்லை, ஆனால் ஈர இலைகளின் பளபளப்பு அடங்கி, இலை இலையாகத் தெரிந்தது.

நான்காம் நாள்: மான்ட்டெரே போகும் வழி

படம் அதிகம் இல்லை. காலையில் சிவப்பு ஃபில்டர் மஞ்சளோடு ஒட்டிக்கொண்டது. நேற்று மலையில் அவசரத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகத் திருகியிருந்தேன். காலையில் எடுத்தபோது அலுமினிய வளையங்கள் இறுகியிருந்தன. விரலால் அழுத்திப் பிடித்தால் வளையம் கோணி இன்னும் இறுகும். அக்கா கீரைக்கட்டிலிருந்து கழற்றிக் கொடுத்த அகலமான ரப்பர் பேண்டை வளையத்தைச் சுற்றிப் போட்டு, அழுத்தாமல் மெதுவாகத் திருப்பினேன். வந்துவிட்டது. "இதுக்குப் போய் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டியேடா" என்று அக்கா இட்லியை எடுத்து வைத்தாள். பித்தளை வளையமாக இருந்தால் இப்படி எளிதில் பிடித்துக்கொள்ளாது. அடுத்து வாங்கும்போது அதைத்தான் வாங்குவேன்.

இன்னொரு சின்னப் பாடம்: கேமராவைக் கார் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பையை மூடி டிக்கியிலேயே விட்டுவிடுங்கள். வெளிக்குளிரும் லென்ஸ் குளிரும் ஒன்றாக இருந்தால் கண்ணாடியில் வியர்க்காது.

ஐந்தாம் நாள்: பாயின்ட் லோபோஸ்

இந்தப் பயணமே இந்த இடத்துக்காகத்தான். புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் இதற்குப் பக்கத்துக் குன்றில் குடியிருந்தார். இந்தப் பாறைகளையும் சைப்ரஸ் வேர்களையும் வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பப் படமெடுத்தார். 1948இல் அவர் எடுத்த கடைசிப் படமும் இந்தக் கரையில்தான். அவரும் ஆடம்ஸும் மற்ற நண்பர்களும் சேர்ந்து 1932இல் எஃப்/64 என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். பெரிய கேமராவின் மிகச் சின்ன துவாரத்தின் எண் அது. முன்னிருந்து பின் வரை எல்லாம் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. மென்மையைக் கூட்டும் பனி நாளில் அந்தக் கொள்கையை நினைத்துக்கொண்டு நடப்பது ஒரு தனி அனுபவம்.

எட்டு மணிக்குக் கதவு திறந்ததும் சைப்ரஸ் தோப்புப் பாதையில் நடந்தோம். மான்ட்டெரே சைப்ரஸ் இயற்கையாக வளர்வது உலகிலேயே இங்கும், எதிரே தெரியும் சைப்ரஸ் பாயின்ட்டிலும் மட்டும்தான். காற்று முறுக்கிய மரங்கள், ஒரு பக்கம் மட்டும் தலை சீவியவை. பாதையின் வடக்குப் பக்கம் திரும்பியதும் நின்றுவிட்டேன். பட்ட கிளைகள் முழுக்கத் துரு நிறத்தில் வெல்வெட் போர்த்தியிருந்தன.

பக்கத்தில் நின்ற காப்பகத் தன்னார்வலர் அம்மா ஒருவர் விளக்கினார். இது ட்ரென்டிபோலியா என்ற பாசி. வகையில் பச்சைப்பாசிதான். கேரட்டுக்கு நிறம் தரும் அதே கரோட்டின் உள்ளே நிறைந்திருப்பதால் ஆரஞ்சாகத் தெரிகிறது. மரத்துக்குக் கெடுதல் இல்லை, பனியின் ஈரத்தைக் குடித்து வாழ்கிறது. தொடக்கூடாது. பாதையோரம் தாழ்ந்த ஒரு கிளையை மிக அருகில் பார்த்தேன். தலைமுடி மாதிரி நுண்ணிய இழைகள், ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு பனித்துளி. அந்தத் துளிக்குள்ளும் ஆரஞ்சு.

கருப்பு வெள்ளைக் கேமராவோடு வந்தவனுக்கு முதலில் ஒரு ஏக்கம்தான் வந்தது. அப்புறம் வேலையை ஆரம்பித்தேன். ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் பாசியும் பின்னால் இருக்கும் பச்சைத் தழையும் ஏறக்குறைய ஒரே சாம்பல். பாசியே இல்லை என்று சொல்லிவிடலாம். சிவப்பு போட்டேன். தழை இருண்டு பின்வாங்கியது. கிளைகள் மட்டும் உள்ளிருந்து விளக்கேற்றின மாதிரி வெளிறி ஒளிர்ந்தன. முதல் நாள் பாலத்தில் காலை வாரிய அதே சிவப்பு, அதே ஆரஞ்சு நிறத்தின் மேல், இங்கே படத்தைத் தூக்கி நிறுத்தியது. பின்னால் இருப்பது பனி இல்லை, இருட்டு. அதுதான் வித்தியாசம்.

இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தேன். அதே கிளைக்குப் பின்னால் இப்போது தழை போய், கடலின் வெள்ளைப் பனி. சிவப்பில் கிளை காணாமல் போனது. நீலம் மாற்றினேன். பாசி மூடிய கிளை கருவெல்வெட்டாக, ஒவ்வொரு முடிச்சும் வளைவும் தாளில் மை தீற்றிய மாதிரி பனியின் மேல் விழுந்தது. ஒரே கிளை, இரண்டடி வித்தியாசம், இரண்டு கண்ணாடி. கேமராவை எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள இரண்டு கேள்விகள் இப்போது என்னிடம் இருக்கின்றன: பொருள் என்ன நிறம், அதன் பின்னால் நிற்பது வெள்ளையா இருட்டா?

பதினொரு மணிக்கு மேல் பனி விளையாட ஆரம்பித்தது. தோப்புக்குள் நுழைந்து பின்னாலிருந்த தழையை மூடும், மறுநிமிடம் விலகும். சிவப்பைத் திருகுவதற்குள் பின்னணி வெளுத்துவிடும், நீலத்தைத் திருகுவதற்குள் இருண்டுவிடும். கடைசியில் மருமகன் சிவப்பை வலது கையிலும் நீலத்தை இடது கையிலும் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றான். திருகவே இல்லை. அவன் கடலைப் பார்ப்பான், "வருது மாமா" என்பான். நீலத்தை வாங்கி லென்ஸின் முன்னால் கையாலேயே ஒட்டிப் பிடிப்பேன். "போகுது" என்றால் சிவப்பு. ட்ரைபாடில் ஒரே சட்டகம், ஒரே கிளை, நாற்பது நிமிடம், முப்பத்தொரு படம். அதில் ஒன்றில் பனி பாதித் தழையை மட்டும் மூடியிருக்கிறது. அப்போது என் கையில் இருந்தது சிவப்பு. கிளையின் இடது பாதி இருட்டின் மேல் ஒளிர்ந்துகொண்டே வந்து, வலது பாதியில் வெள்ளைக்குள் நுழைந்து மறைகிறது. எங்கே மறைகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.